முன்வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று

பாப்பாவின் மாற்றுச் சான்றிதழ் வடக்கே போய்விட்டது, மதிப்பெண் பட்டியல் தெற்கே போய்விட்டது. நடந்த தப்பு இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து முளைத்தது.

வடக்கே கொண்டுபோனவர் அப்பா வைரக்கண்ணு. அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர், ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி. தெற்கே கொண்டுபோனவன் தாய்மாமன் பூவலிங்கம், தாலுகா ஆபீஸ் கிளார்க். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே பேருந்து நிலையத்தில், ஒருவர் வண்டி கிளம்பின ஐந்தாவது நிமிஷம் மற்றவன் வண்டி கிளம்ப, ஆளுக்கு ஒரு அசல் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்கள். அவர் பெற்றோர் என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டார், இவன் காப்பாளர் என்ற கோட்டில் போட்டான். பாடம் என்ற இடத்தில் இருவரும் கணினி அறிவியல் என்று எழுதினார்கள். இருபது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. மாணவியின் கையெழுத்து என்று கடைசியில் ஒரு கோடு இருந்தது. அதையும் அவர்களே கிறுக்கிவிட்டு வந்தார்கள்.

நடுவனூர் அப்படிப்பட்ட ஊர். வடக்குப் பல்கலைக்கழகம் நாற்பத்தொரு கிலோமீட்டர், தெற்குப் பல்கலைக்கழகம் நாற்பத்தொரு கிலோமீட்டர், இரண்டும் அரசாங்கத்தினுடையவை, இரண்டுக்கும் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து, இருந்தாலும் இந்த ஊரில் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் வடக்கா தெற்கா என்று கேட்பார்கள், வடக்கில் படித்தவன் தெற்கில் படித்தவன் கடையில் டீ குடிக்க மாட்டான், தெற்கில் படித்தவன் செத்தால் வடக்கில் படித்தவன் தெருமுனை வரைக்கும் வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டுத் திரும்புவான், எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கள்கூட அப்பன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நின்று அடித்துக்கொள்வார்கள். இரண்டையும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் என்று எண்ணினால் ஊரில் ஒரே ஒரு ஆள்தான் தேறும். அந்த ஆளை யாரும் கேட்கவில்லை.

வைரக்கண்ணு வடக்கு. பி.ஏ. வரலாறு. முடிக்கவில்லை. இந்தியப் பொருளாதாரத்தில் ஒரு பேப்பர் அரியர், முப்பத்தெட்டு வருஷமாக. மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டதற்கு, தங்கள் விடைத்தாள் ஆவண அறையில் உள்ளது என்று ஒரு கார்டு வந்தது, அதோடு சரி. தன்னைத் தோற்கடித்த இடத்தை அவர் வெறுத்திருக்க வேண்டும். வெறுக்கவில்லை. அதற்காக ஊரோடு சண்டை போட்டார். மகள் அங்கே போய் முதல் வகுப்பில் தேறி வந்தால் தன் பேப்பரும் அதோடு தேறிவிடும் என்று எங்கேயோ ஒரு கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பேருந்தில் டிக்கெட் எடுக்காதவன் அவரைப் பார்த்தால் வேர்த்துப்போவான். அவரை வேர்க்கவைக்க ஊரில் அரியர் என்ற ஒரு சொல் போதும்.

அடுத்த திங்கட்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு, ஆபீஸ் திறக்கும் நேரத்தில், அவர் வீட்டு முன்வாசலில் வடக்குப் பல்கலைக்கழகத்தின் வளைவு முளைத்தது. இரண்டு தூண், நடுவில் அரைவட்டம், மேலே ஏடும் எழுத்தாணியும். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பத்து பத்துக்குக் கொல்லையில் தெற்குப் பல்கலைக்கழகத்தின் வளைவு முளைத்தது, கறிவேப்பிலைச் செடியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு. ஒவ்வொரு வளைவோடும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு காவலாளி, காவலாளி மடியில் ஒரு பதிவேடு.

வைரக்கண்ணுவின் மனைவி தவமணி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்கயிறு வளைவுக்குள் மாட்டிக்கொண்டதால் அதை அவிழ்த்துத் தூணிலேயே கட்டினாள். பிறகு காவலாளியிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டாள்.

ஊரும் அவ்வளவுதான் ஆச்சரியப்பட்டது. செவ்வாய்க்கிழமைக்குள் முன்வளைவின் நிழலில் ஒரு இளநீர் வண்டி நின்றது, கொல்லை வளைவில் இரண்டு எருமைகளைக் கட்டினார்கள், மின்வாரியத்துக்காரர் வந்து வளைவு விளக்குக்குத் தனி மீட்டர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் தூணுக்கு நாலு பக்கம் இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டார்கள், கோயில் குழல்விளக்கில்கூட வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பேர் எழுதிப் பழகிய ஊர் என்பதால் ஏணி கொண்டுவந்து ஏறி, உபயம் என்று போட்டு, அவரவர் பக்கத்து வளைவில் அவரவர் பேரை எழுதினார்கள். வளைவை யாரும் கொடுக்கவில்லை. அது தானாக வந்தது. இருந்தாலும் முன்னால் முப்பத்திரண்டு உபயம், பின்னால் முப்பத்துநாலு. முன்னதில் முதல் பேர் வைரக்கண்ணு. பின்னதில் முதல் பேர் பூவலிங்கம்.

வளைவின் குணம் ஒரு ஆட்டினால் தெரிந்தது. வழிதவறி வந்த வெள்ளாடு ஒன்று முன்வளைவுக்குக் கீழே புகுந்து போனது. காவலாளி பதிவேட்டில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஆடு தினமும் பத்து மணிக்கு வந்து நின்று, நாலு மணிக்குத்தான் கிளம்பியது. இழுத்தாலும் வராது. தழை காட்டினாலும் வராது. மற்றவர்களை வளைவு ஒன்றும் செய்யவில்லை. ஆட்டுக்கும் பாப்பாவுக்கும்தான் இன்னும் எந்தப் பக்கமும் இல்லாமல் இருந்தது.

பாப்பா வாசல் பக்கம் வந்தால் முன்வளைவில் விளக்கு எரிந்தது, ஒலிபெருக்கியில் பல்கலைக்கழக வாழ்த்து ஓடியது, காவலாளி எழுந்து பதிவேட்டைப் பிரித்தார். அவள் பேர் அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. டிக் அடிப்பதுதான் பாக்கி. கொல்லைப் பக்கம் போனால் அங்கேயும் அதே கூத்து. அவள் திரும்பி உள்ளே வந்தாள். வீட்டுக்கு வலது பக்கம் நெல் குடோனின் ஜன்னல் இல்லாத சுவர். இடது பக்கம் உள்முற்றத்தை ஒட்டி, பக்கத்து வீட்டு அங்கம்மாளுக்கும் இவர்களுக்கும் நடுவில் வைரக்கண்ணு எழுப்பிய ஏழடிச் சுவர், உச்சியில் கண்ணாடிச் சில்லு. ஆக, பதினேழு வயசுப் பெண் ஒருத்தி தன் வீட்டிலிருந்து வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள், ஊர் அவளைப் பார்க்க உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

வந்தவர்கள் சும்மா வரவில்லை. வடக்கு ஆட்கள் வடக்கின் பெருமையைச் சொன்னார்கள், தெற்கு ஆட்கள் தெற்கின் பெருமையைச் சொன்னார்கள், வடக்கில் படித்தவன் மாவட்டமே ஆள்கிறான் என்றார் ஒருவர், தெற்கில் படித்தவன் கடல் கடந்து சம்பாதிக்கிறான் என்றார் இன்னொருவர், தவமணி போட்ட டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு ஒலிபெருக்கியும் ஒரே அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மாணவி நுழைய வேண்டும். தவறினால் இடம் ரத்து. காகிதங்கள் ஆவண அறைக்கு அனுப்பப்படும்.

ஆவண அறை என்ற சொல்லைக் கேட்டதும் வைரக்கண்ணு போய் ஜன்னலைச் சாத்தினார். அங்கே போன காகிதம் திரும்பாது. அவருக்குத் தெரிந்த மாதிரி அது யாருக்கும் தெரியாது.

செவ்வாய் மத்தியானம் பாப்பா வாயைத் திறந்தாள். ஜன்னல் விளிம்பில் அவள் அடுக்கிவைத்திருந்த கற்கள் இருந்தன. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம் பொறுக்கியவை, நத்தை மாதிரி சுருண்டவை, சிப்பியின் வரி பதிந்தவை. ஒரு காலத்தில் நடுவனூர் கடலுக்கு அடியில் இருந்தது என்று எட்டாம் வகுப்பில் டீச்சர் சொன்னதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, நான் நிலவியல் படிக்கிறேன். எங்கே நல்லா சொல்லித் தர்றாங்கன்னு பார்த்துட்டு வரணும்" என்றாள்.

"கல்லு உடைக்கிறதுக்கா உன்னை இவ்வளவு தூரம் படிக்க வெச்சேன்" என்றார் வைரக்கண்ணு.

அவள் கல்லை இருந்த இடத்தில் வைத்தாள்.

புதன்கிழமை, தெற்கில் படித்துத் தேறிய பூவலிங்கம் சீர் கொண்டுவந்தான். பெண் பெரியவளானபோது கொண்டுவந்தது பதினோரு தட்டு, இப்போது பதினேழு. வாழைப்பழம், கல்கண்டு, பட்டுப்பாவாடை, ஒரு தட்டில் மடிக்கணினி, கடைசித் தட்டில் மஞ்சள் தடவிய சேர்க்கைப் படிவம். நாதஸ்வரம் முன்னால் வர, பின்தெரு வழியாகச் சுற்றி, கொல்லை வளைவுக்குக் கீழே வந்து நின்றான். காது குத்தினபோது யார் மடியில் உட்கார்ந்தாள் என்று ஊரைப் பார்த்துக் கேட்டான். முதல் மொட்டை யார் மடியில். பெரியவளானபோது தென்னங்கீற்றில் குச்சில் கட்டினது யார். தாய்மாமனுக்கு இவ்வளவு உரிமை இருக்கும்போது ஒரு பல்கலைக்கழகம் பார்த்துச் சேர்க்க உரிமை இல்லையா என்றான். கொல்லையில் நின்ற கூட்டம் நியாயம் என்றது.

வைரக்கண்ணு யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். சண்டை என்றால் அவருக்கு அது வேண்டும்.

"மாப்ள, தட்டைத் தூக்கிட்டுப் போயிடு. பெத்தவன் நான்."

"பெத்தவரு சரி மாமா. பாஸ் பண்ணினவரு யாரு?"

கூட்டம் சிரித்தது. முன்வாசலில் நின்ற வடக்குக் கூட்டம் அந்தச் சிரிப்பைக் கேட்டு வீட்டுக்குள் புகுந்து கொல்லைக்கு வந்தது. கல்கண்டுத் தட்டு பறந்தது. எருமை அவிழ்ந்துகொண்டு வாழைப்பழத்தைத் தின்றது. அன்றைக்கு மூன்று சட்டை கிழிந்தது, ஒரு பல் போனது. நாதஸ்வரக்காரர் மட்டும் கூலி பேசினபடி ஆறு மணி வரைக்கும் வாசித்தார்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு ஊர் மறுபடி கூடிவிட்டது. இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பக்கமும் வந்திருந்தார்கள். பூவலிங்கம் நேராக உள்முற்றத்துக்கு வந்து, "வா பாப்பா, மாமா கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் இடது கையைப் பிடித்தான். வைரக்கண்ணு பாய்ந்து வலது கையைப் பிடித்தார். அவன் கொல்லைப் பக்கம் இழுத்தான், இவர் வாசல் பக்கம் இழுத்தார், அவன் பின்னால் பத்துப் பேர், இவர் பின்னால் பத்துப் பேர், இரண்டு வளைவிலும் விளக்கு எரிந்தது, இரண்டு வாழ்த்தும் ஒன்றாக ஓடியது, இரண்டு காவலாளியும் பேனா மூடியைக் கழற்றினார்கள். தவமணி விடுங்க விடுங்க என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. பாப்பாவின் தோளில் என்னமோ மளுக்கென்றது. அந்தச் சத்தம் வைரக்கண்ணுவின் கைக்கு வந்தது. வந்தும் அவர் விடவில்லை. இதைப் பிற்பாடு அவர் யாரிடமும் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை.

அப்போது இடது சுவரில் கடப்பாறை விழுந்தது.

முதல் அடியில் காரை உதிர்ந்தது. இரண்டாவது அடியில் ஒரு செங்கல் உள்ளே வந்து விழுந்தது. மூன்றாவதில் நாலு. எல்லாரும் கையைத் தளர்த்திவிட்டுத் திரும்பினார்கள். புழுதி அடங்கினபோது சுவரில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது, ஓட்டைக்கு அந்தப் பக்கம் கடப்பாறையும் கையுமாக அங்கம்மாள் நின்றாள்.

அங்கம்மாள் சித்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள். வயசு நாற்பத்தாறு, தலையில் சும்மாடு. வைரக்கண்ணுவோடு அவளுக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தச் சுவர் அவள் இடத்தில் நாலு அங்குலம் ஏறி நிற்கிறது. கட்டினபோது கொத்தனார் கூப்பிட்டார் என்று அவளேதான் கலவை சுமந்தாள், தன் இடத்தைத் தானே அடைக்கிறோம் என்பது சுவர் இடுப்பளவு வந்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, கேட்டதற்கு வைரக்கண்ணு பட்டாவைக் கொண்டுவா என்றார், அவள் பட்டாவைக் கொண்டுவந்து காட்டியபோது சுவர் ஏழடி ஆகிவிட்டிருந்தது.

"ஏய், என் சுவத்தையா இடிக்கிறே" என்றார் வைரக்கண்ணு.

"உன் சுவரு எங்கேய்யா இருக்கு? மூணாவது வரிசையில சிமெண்டு பத்தலைன்னு சேத்தை அப்பச் சொன்னியே, அந்த இடம் இது. சுமந்தவளுக்குத் தெரியாதா? நாலு நாளா உன் வாசல்ல நிக்கிற கூட்டத்தால நான் வேலைக்குப் போகல, பைப்படிக்குப் போகல. எல்லாத்தையும் பொறுத்தேன். இப்ப அந்தப் புள்ள கையைப் பிச்சு எடுக்கப் பாக்கிறீங்க."

"அம்மா, இது படிச்சவங்க விவகாரம்" என்றான் பூவலிங்கம்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வடக்குல நூலகத்துக்குக் கான்கிரீட்டு போட்டப்ப ஏழு மாசம் சட்டி தூக்கினேன். தெக்குல பொண்ணுங்க விடுதிக்குப் பதினோரு மாசம் தூக்கினேன். ரெண்டுக்கும் ஒரே சூளைச் செங்கல்லு, ஒரே லாரி. இதுக்காடா வெட்டிக்கிறீங்க? நீங்க யாராவது ரெண்டையும் போய்ப் பாத்திருக்கீங்களா?"

பூவலிங்கம் பின்னால் நின்ற பத்துப் பேரைத் திரும்பிப் பார்த்தான், அவர்கள் கீழே கிடந்த செங்கல்லைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கிகள் ஒரு நிமிஷம் நின்றன.

அங்கம்மாள் வைரக்கண்ணுவிடம் திரும்பினாள். "உன் அரியரை அந்தப் பொண்ணு தலையில கட்டாதேய்யா. அது உன்னுது. நீ சுமந்துக்கோ."

ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் அறைந்திருப்பார். கை தூக்கத்தான் செய்தார். தூக்கின கையில் பாப்பாவின் வளையல் நெரித்த தடம் சிவப்பாகக் கிடந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

பாப்பா ஜன்னலிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டாள். தோளைப் பிடித்தபடி, குனிந்து, ஓட்டை வழியாகப் போனாள். எந்த விளக்கும் எரியவில்லை. அங்கம்மாள் வீட்டுக் கூடத்தைத் தாண்டி, அவள் அடுப்பைத் தாண்டி, அவள் வாசலில் இறங்கித் தெருவுக்குப் போனாள். தவமணி அஞ்சறைப் பெட்டியில் கிடந்த காசை வழித்து எடுத்துக்கொண்டு அதே ஓட்டையில் பின்னால் ஓடிப்போய் அவள் கையில் திணித்தாள். ஏழு பத்து வண்டி வந்தது. அதில் ஏறி டிக்கெட் கேட்க வேண்டிய முறை அன்றைக்கு வைரக்கண்ணுவுடையது. அவர் போகவில்லை. இடிந்த செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேறுதான். உண்மையாகவே சேறு.

வியாழன் வடக்கே போனாள். நிலவியல் துறையின் ஆய்வகம் பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார், எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. பூட்டில் சிலந்தி கட்டியிருந்தது. ராத்திரி அங்கம்மாள் வீட்டிலேயே படுத்துவிட்டு, வெள்ளி தெற்கே போனாள். அங்கே ஆய்வகம் திறந்திருந்தது. கூரை ஒழுகியது, நாற்காலி போதவில்லை, இருந்தாலும் திறந்திருந்தது. உதவியாளர் அம்மா ஒருத்தி மர இழுப்பறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் இவள் கையிலிருந்த கல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுக்கு அண்ணன் தம்பி எல்லாம் இங்கே இருக்கு பாரு என்று ஒரு இழுப்பறையை இழுத்தாள். உள்ளே பத்தும் பதினைந்துமாகச் சுருண்ட கற்கள், சீட்டு ஒட்டி. ஒரு சீட்டில் நடுவனூர் என்று இருந்தது.

இரண்டு இடத்திலும் அவள் ஆபீஸ் ஜன்னலில் ஒரே காரியத்தைத்தான் செய்தாள். படிவத்தைக் காட்டச் சொன்னாள். இது என் கையெழுத்து இல்லை என்றாள். வெள்ளைத்தாளில் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டினாள். கிளார்க்குகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள், கடைசியில் காகிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். வடக்கிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வந்தது, தெற்கிலிருந்து மதிப்பெண் பட்டியல் வந்தது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, தெற்கிலேயே புதுப் படிவம் வாங்கி, பாடம் என்ற இடத்தில் நிலவியல் என்று எழுதி, கடைசிக் கோட்டில் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஓட்டை வழியாகத் திரும்பி வந்தாள். விஷயத்தைச் சொன்னாள். பூவலிங்கம் கொல்லையிலிருந்து ஓடிவந்து, தெற்குதான் ஜெயித்தது என்று வேட்டியை மடித்துக் கட்டினான்.

"உங்களுக்காக இல்ல மாமா. நீங்க வாங்கின இடத்தை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். இது நானா வாங்கினது."

வேட்டியை இறக்கிவிட்டான்.

வைரக்கண்ணு ஒன்றே ஒன்று கேட்டார். "ஆவண அறைப் பக்கம் போனியா?"

"போனேன்பா. வாசல் வரைக்கும். கூரை வரைக்கும் கட்டு கட்டா இருக்கு. எலி."

"சரி" என்றார்.

ஐந்து மணிக்கு, ஆபீஸ் மூடும் நேரத்தில், காவலாளிகள் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு மூடினார்கள், நாற்காலியை மடக்க முடியாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள், அறுபத்தாறு உபயங்களோடும் கொடிக்கயிற்றோடும் இரண்டு வளைவும் வந்த வழியே மண்ணுக்குள் இறங்கின. நாலு பள்ளம் மிஞ்சியது. பாப்பா நாலிலும் இறங்கித் தேடினாள், மூன்றாவதில் ஒரு சுருண்ட கல் கிடைத்தது. ஆடு சனிக்கிழமையும் பத்து மணிக்கு வந்தது. வளைவு இல்லாததைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வீட்டுக்குப் போனது.

ஊர் ஒரு வாரம் இதையே பேசியது. நாங்கள் ஊட்டிய தைரியம் என்றார்கள் வடக்கு ஆட்கள். கடைசியில் நம் பக்கம்தானே வந்தாள் என்றார்கள் தெற்கு ஆட்கள். பூவலிங்கம் தான்தான் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வைரக்கண்ணு கொத்தனாரைக் கூட்டிவந்தார். அடைத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். மேலே ஏறிக் கண்ணாடிச் சில்லையெல்லாம் தட்டி எடு என்றார் இவர். ஓட்டையில் நம் பக்கம் நாலு அங்குலம் தள்ளி வாசல் நிலை வை, கதவு வேண்டாம் என்றார்.

நிலை வைத்து முடிந்ததும் சிவப்புப் பெயிண்டு டப்பாவை எடுத்துவந்து, நாற்காலி போட்டு ஏறினார். எழுத்து கோணலாகத்தான் வந்தது. அவருக்கு எழுத்து எப்போதும் கோணல். அந்தப் பக்கத்திலிருந்து சும்மாட்டோடு வேலைக்குக் கிளம்பி வந்தவள், நிலைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குப் படிக்க வராது. வைரக்கண்ணு நாற்காலியிலிருந்து இறங்காமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி, படித்துக் காட்டினார்.

உபயம்: அங்கம்மாள், சித்தாள்.